லீவு நாள் இல்லாத கடை

புபாய்,

பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற உன் நீளப் பெயரைச் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டதே இல்லை. உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக் கிடர்பூருக்கு வந்து இறங்கிய வாரம், மாஷிமா என்று எல்லாரும் கூப்பிடுகிற மாடி வீட்டு வங்காளி அம்மா உன் கன்னத்தைக் கிள்ளி வைத்த பெயர் இது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். செல்லப் பெயருக்கு அர்த்தம் எதற்கு என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து நீ தெருவுக்கெல்லாம் புபாய், எனக்கும் புபாய். இப்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதத் தெரியும், அவ்வளவுதான். இதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் சிநேகிதன் சோம்நாத் தாள் தாளாகப் படம் பிடித்து நம் கடையின் இன்டர்நெட் பக்கத்தில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மகனுக்கு எழுதுகிற கடிதத்தை ஊருக்குத் திறந்து வைப்பதா என்று உன் அப்பா கேட்டார். திறந்துதான் வைக்க வேண்டும். உன்னைத் தவிர இன்னொருவரும் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் பெயரும் தெரியாது, நம்பரும் தெரியாது. அவர் திரும்ப வந்தால் அந்தப் பக்கத்துக்குத்தான் முதலில் வருவார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சோம்நாத்துக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நீ நம் கடைக்காகச் செய்த பக்கத்தை இலவசமாக வைத்திருந்த இடத்தை மூடப்போகிறார்களாம். "அப்படியே தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வைக்கலாம் காக்கிமா, இல்லேன்னா நான் புதுசா ஒண்ணு பண்ணித் தரேன், இல்லேன்னா போகட்டும்னு விட்டுடலாம். நீங்க சொல்றதுதான்" என்று அவனுடைய வங்காள பாஷையில் சொன்னான். நண்பனின் அம்மாவை இந்த ஊரில் காக்கிமா என்கிறார்கள். அவன் வாயில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் பின்னாலேயே உன் "மா" வரும் என்று காது காத்திருக்கிறது. ஒரு தடவை நான் அவனிடம், அழித்துவிடு, தடம் இல்லாமல் அழித்துவிடு என்று கத்தியவள். அதனால்தான் இந்த முறை கேட்டுக்கொண்டு செய்கிறான்.

அந்தப் பக்கத்தை நீ செய்த கதையை நான் சொல்ல, நீ கேட்க வேண்டியிருக்கிறது பார். நம் கடை என்ன பெரிய கடை? வீட்டின் முன்னறை, ஒரு இரும்பு ஷட்டர், உள்ளே இட்லி மாவு, பருப்புப் பொடி, முறுக்கு, தட்டை, காப்பித்தூள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கிற நம் ஊர் ஆட்கள் வருவார்கள், தோசை ருசி கண்ட வங்காளிகள் வருவார்கள். இதற்கு எதற்கு ஒரு பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல, மாவு டின்னைக் கவிழ்த்து அதன்மேல் போனை நிறுத்தி வைத்து நீ படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாய். ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு படம். முழு முறுக்கு ஒன்று, அதே தட்டில் அதே முறுக்கு உடைந்து கிடப்பது ஒன்று. மூடிய மாவுத் தூக்கு ஒன்று, மூடி திறந்த தூக்கு ஒன்று. இரண்டும் மயிரிழை நகராமல் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடுகிறபோது படம் குதிக்கும் என்றாய்.

"மா, மூடி மேல கையை வை. அசையாதே."

"எதுக்குல என் கையப் படம் பிடிக்க? கரிச்சட்டி மாதிரி கெடக்கு."

"கை இல்லேன்னா மூடி தானா திறக்குமா? பேய்க் கடைன்னு நினைப்பாங்க மா."

உன் அப்பா பேப்பரை இறக்காமலே, "ஏட்டி, கைய மட்டும்தான எடுக்கான். மொகத்த எடுத்தா யாவாரம் படுத்துரும்னு பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். நீ சிரித்ததில் டின்னோடு போன் உருண்டது. மறுபடியும் முதலிலிருந்து நாற்பது படம். வளையல் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் கைதான் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. விரலை வைத்தால் மூடியைத் திறக்கிறது, எடுத்தால் மூடுகிறது.

முதலில் கம்ப்யூட்டரில் செய்தாய். மவுஸைப் படத்தின்மேல் கொண்டுபோனாலே அது மாறியது. எனக்குக் கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது. அப்புறம் உன் அப்பாவின் போனில் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. போனில் மவுஸ் ஏது, விரல் மேலே மிதக்காதே, தொட்டால்தானே அதற்குத் தெரியும் என்று தலையில் அடித்துக்கொண்டு தொடுகிற மாதிரி மாற்றி எழுதினாய். அப்போதும் ஒரு குறை. தொட்டதும் நடுவில் ஒரு கணம் வெள்ளையாக ஓட்டை விழுந்தது, பிறகுதான் அடுத்த படம் வந்தது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாய். நாலாம் நாள் சாப்பிடுகிறபோது, தொட்ட பிறகு படத்தைக் கொண்டுவரப் போனால் நேரமாகிறது, பக்கம் திறக்கும்போதே இரண்டாவது படத்தையும் கொண்டுவந்து கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளக்கினாய்.

"இதக் கண்டுபிடிக்க மூணு நாளால? ஆளு வந்து மாவு கேட்டப்புறமா அரிசிய ஊறப் போடுவாக?" என்றேன்.

சோற்றுக் கையோடு எழுந்து என் தலையில் முத்தம் கொடுத்தாய். "மா, நீதான் புரோகிராமர். நான் சும்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் பிறகு எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? நான் உனக்கு அப்படி ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லையே என்றுதான்.

சொல்லாதது மட்டும் இல்லை. சொன்னதும் இருக்கிறது. ஜாதவ்பூரில் காலேஜ் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் நீயும் சோம்நாத்தும் வேலை பார்த்தீர்கள். அச்செடுக்க வருகிற பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டும், மை சரியாக விழாமல் அவர்கள் விட்டுப்போன தாள்களைப் படித்தும்தான் நீ இதைக் கற்றாய். அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி வைப்பாய். எனக்கு அது வீண் காகிதம். ஒரு பக்கம் சுத்தமாக இருக்கிறதே என்று கிழித்து அதில் தட்டையை மடித்துக் கொடுத்துவிட்டேன். நீ வந்து அலமாரியெல்லாம் தேடினாய். கடைசியில் பொட்டலத்துக்காக வெட்டி வைத்திருந்த மிச்சத் தாளில் நீ பேனாவால் எழுதியிருந்த பாதி கிடைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மா, என் புரோகிராம்ல எண்ணெய் வடியுது" என்றாயே தவிர ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மற்ற பாதியை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினாய்.

அதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். உன் மாமா ஊரிலிருந்து வந்திருந்த அன்று சொன்னதை எப்படி மன்னிக்க? "மருமவன் என்ன செய்யுதான்?" என்று அண்ணன் கேட்டான். உள்ளே நீ அவனுக்குக் காட்டவேண்டும் என்று போனைத் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறாய். அது தெரிந்தும் நான், "ஜாதவ்பூர்ல பெரிய காலேஜ்லதான் இருக்கான். உள்ள இல்ல, வாசல்ல. ஜெராக்ஸ் எடுக்கான். வீட்டுக்கு வந்தா படத்த மாத்தி மாத்தி வெளையாடுதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாமாவுக்குக் காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாய். பிள்ளை பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்று அண்ணன் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டால் வலிக்காது என்று நினைத்தேன். எனக்கு வலிக்காமல் இருக்க உன்னை அடித்தேன். பிள்ளை பெற்ற யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று சொல்கிறேன். விருந்தாளி முன்னால் பிள்ளையைத் தாழ்த்திப் பேசுகிற பழக்கத்துக்கு நாம் அடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிறகும் நீ நிறுத்தவில்லை. ஷட்டர் படம் அதற்குப் பிறகுதான் வந்தது. பக்கத்தின் உச்சியில் நம் கடையின் ஷட்டர். காலை ஆறிலிருந்து பதினொன்று வரையும், சாயங்காலம் நாலிலிருந்து ஒன்பது வரையும் திறந்த படம். மற்ற நேரம் இறக்கிய படம். யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே மணி பார்த்து மாறிக்கொள்ளும் என்றாய். சிங்கப்பூரிலிருந்து உன் அக்கா மகள் முறையுள்ள செல்வி ஒருநாள் போன் செய்தாள். கடையில் கூட்டம், சாயங்காலம் மணி ஆறே முக்கால் ஆகவில்லை. "என்ன ஆச்சி, கட அடைச்சாச்சுன்னு காட்டுது, அங்கன முறுக்கு சுடுத சத்தம் கேக்குது?" என்றாள். உன் வேலை கெட்டுப்போய்விட்டது என்று நான் சொன்னதும் நீ வந்து பார்த்துச் சிரித்தாய். கெடவில்லை, அவள் ஊரில் மணி ஒன்பது தாண்டிவிட்டது, அது அவள் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது என்றாய்.

"ஒங் கடிகாரத்தப் பாக்காதா?"

"நான் எழுதுறது என்கிட்ட ஓடாது மா. யாரு பார்க்கிறாங்களோ அவங்க கையில போய்தான் ஓடும். நான் கம்ப்யூட்டரை அணைச்சிட்டுப் படுத்தாலும் அங்க ஓடும்."

"அப்ப ஒன் வேல என்ன?"

"எழுதி அனுப்புறதோட சரி."

ஆவணி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. மழை விட்ட பிறகு இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு வருகிற கொசுக் காய்ச்சல். மற்ற மூன்று பேர் எழுந்து நடந்தார்கள். நீ ஆறாம் நாள் எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி என்னால் எழுத முடியாது, நீயும் கேட்க வேண்டாம்.

கடையை அடைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை ஷட்டரைத் தூக்கக் கூடாது என்று உன் அப்பா பூட்டுப் போட்டார். ஐந்தாம் நாள் காலையில் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்துப் பூட்டைத் திறந்து பாதி தூக்கினேன். ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், கையில் எவர்சில்வர் தூக்கு. நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ்.

"அம்மா, மாவு இருக்கா? வீட்ல அவளுக்கு நாலு நாளா சோறு எறங்கல. இட்லின்னா ரெண்டு வாய் திம்பா."

"கட பூட்டிக் கெடக்கது கண்ணுக்குத் தெரியலையா?"

"போன்ல தொறந்திருக்குன்னு காட்டுதும்மா. அதப் பாத்துத்தான் சாந்த்ராகாச்சிலேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி வந்தேன்." போனை நீட்டினார். அதில் நம் ஷட்டர் திறந்திருந்தது. அவர் பெருவிரல் தெரியாமல் மாவுத் தூக்கின்மேல் பட்டது. என் கை வந்து மூடியைத் திறந்தது, வாங்க வாங்க என்கிற மாதிரி.

அந்தப் போனைத் தட்டிவிட்டேன், புபாய். தரையில் விழுந்தது. "எம்பிள்ள போயி அஞ்சு நாளாச்சு. ஒனக்கு இட்லி கேக்குதோ?" என்றேன். பெரியவரை நீ என்று சொன்னேன். அவர் குனிந்து போனை எடுத்தார். உடைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "தெரியாதும்மா, மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டுவிட்டு, வெறும் தூக்கோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். உன் அப்பா செருப்புப் போட்டு ஓடிப் பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. அவர் வீட்டு அம்மாவுக்கு அன்றைக்கு என்ன சாப்பிடக் கொடுத்தாரோ. அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்களோ. ஐயா, நீங்கள் இதைப் படித்தால், தவறு உங்களுடையது இல்லை. கடை திறந்திருக்கிறது என்று நாங்கள்தான் உங்களுக்குச் சொல்லியிருந்தோம்.

அன்றைக்குத்தான் சோம்நாத்தைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். பிள்ளை கட்டையில் போய்விட்டான், அவன் எழுதிய இந்தச் சனியன், கடை திறந்திருக்கிறது வாருங்கள் என்று சிரிக்கிறதே என்று கத்தினேன். அவன் அழிக்கவில்லை. காரியம் முடிகிற வரை பக்கத்தின் தலையில் கடை இல்லை என்று ஒரு வரி மட்டும் எழுதி வைத்தான். கடையைத் திரும்பத் திறந்த பிறகு அதையும் எடுத்துவிட்டான். மாதங்கள் போயின. இடம் மாற்ற வேண்டும் என்றபோதுதான் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். இரண்டு பொத்தானைத் தட்டினான். படங்களுக்குப் பின்னால் இருந்த எழுத்தெல்லாம் வந்தது.

"இது யாருக்கும் தெரியாம பூட்டி வச்சிருக்காதா?" என்றேன்.

"இந்த மாதிரி எழுதினதுக்குப் பூட்டு கிடையாது காக்கிமா. படம் யார் கைக்குப் போகுதோ, எழுத்தும் கூடவே போகும். ஆசைப்பட்டா யாரும் படிக்கலாம்."

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் விரலை வைத்து ஆறு என்கிற எண்ணைக் காட்டினான், பதினொன்றைக் காட்டினான், என் கை இரண்டு படமாக எங்கே இருக்கிறது என்று காட்டினான். அடியில் வந்ததும் அவனே நின்றுவிட்டான். "இந்த ஒரு வரி எனக்குப் படிக்க வரல. முன்னாடி ரெண்டு சாய்ஞ்ச கோடு போட்டிருக்கான். அப்படிப் போட்டா எந்திரம் அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போயிடும். ஆளு படிக்கிறதுக்குன்னு எழுதுறது. நீங்க படிங்க" என்றான்.

தமிழில் இருந்தது. முறுக்குப் பொட்டலத்தில் பெயர் எழுதப் பழக்கினேனே, அந்தத் தமிழ். "அம்மா சொல்கிற லீவு நாள் இங்கே" என்று எழுதியிருந்தாய். அதன் கீழே இரண்டு அடைப்புக்குறி. நடுவில் ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் தேதியைப் போட்டால் அன்றைக்கு நாள் பூராவும் ஷட்டர் இறங்கியே இருக்கும் என்று சோம்நாத் சொன்னான். எல்லாம் எழுதி முடித்துத் தயாராக இருக்கிறது, தேதிதான் போடவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றான். எனக்குத் தெரியும். நீ எத்தனை தடவை கேட்டாய்! மா, உன் லீவு என்னைக்கு, சொல்லு, போட்டுடறேன் என்று பொங்கலுக்குக் கேட்டாய், வருஷப் பிறப்புக்குக் கேட்டாய். மாவு ஆட்டுகிறவளுக்கு லீவு ஏதுடா என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். கடைசியாக ஆடியில் வந்து நின்றாய்.

"ஒரே ஒரு நாள் மா. காலையில போய் சாயங்காலம் வந்துடலாம். உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எங்கல?"

"சொன்னா நீ வேண்டாம்பே. வந்து பாரு."

"ஆடி வெள்ளிக்கு ஆளுக வரிசை கட்டி நிப்பாக. ஆவணி பொறக்கட்டும், பாப்போம்" என்றேன். "தூர், போ மா, உன் கடைக்கு நானே லீவு போட்டுடுவேன் பாரு" என்று என் கன்னத்தில் மாவைத் தடவிவிட்டு வேலைக்குப் போனாய்.

அந்தப் பக்கத்தைச் சனியன் என்று திட்டினேனே, அது என்ன செய்யும்? இல்லை என்று சொல்ல நீ அதற்குக் கற்றுக்கொடுத்துத்தான் வைத்திருந்தாய். என்றைக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. கடையைத் திறக்கத் தெரிந்த எனக்கு ஒரு நாள் அடைக்கத் தெரியவில்லை. உனக்கு இனிமேல் புத்தி சொல்லி என்ன, சோம்நாத்துக்குச் சொன்னேன், படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: அம்மா அப்பாவிடம் லீவு கேட்காதீர்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் கேட்டால் தரமாட்டோம். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

இந்த ஆவணியில் உனக்கு முதல் வருஷத் திதி. அந்த நாளைப் போடலாம் என்றேன். சோம்நாத் போன வருஷத்துத் தேதியை அடிக்கப் போனான். அது இல்லை என்று தடுத்தேன். இங்கிலீஷ் தேதி நமக்குக் கணக்கில்லை, வளர்பிறை சஷ்டி எந்த நாளில் விழுகிறதோ அதுதான் என்றேன். அவன் முழித்தான். வருஷத்துக்கு வருஷம் நகருமா, இதற்கு அந்தக் கணக்குத் தெரியாதே என்றான். உன் அப்பா பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேதியைச் சொன்னார். "வருஷா வருஷம் நீங்களே பார்த்து மாத்தணும் காக்கிமா" என்று சோம்நாத் வருத்தமாகச் சொன்னான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. தானாக மாறாத ஒன்று இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வரியைத் தேடி வந்து, என் விரலால் அழித்து, என் விரலால் எழுதிக்கொள்கிறேன்.

என்னையே அடிக்கச் சொன்னான். ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடித்தேன். சோம்நாத் தன் போனில் தேதியை அந்த நாளாக மாற்றிவைத்துப் பக்கத்தைத் திறந்தான். காலை பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. நீ எழுதியது நான் சொன்னதைக் கேட்டது, புபாய். உன் அப்பா எழுந்து வாசலுக்குப் போய் வெறுமனே தெருவைப் பார்த்து நின்றார்.

இன்னும் ஒரு நாள் போட வேண்டும் என்றேன். அதற்கு அடுத்த நாள். அந்தத் தேதியையும் அடித்தேன். திரும்பப் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் செத்துக் கிடந்தது. ஷட்டர் அசையவில்லை. முறுக்கைத் தொட்டேன், உடையவில்லை. மாவுத் தூக்கைத் தொட்டேன், கை வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உன்னுடையது என்று மிச்சம் இருந்ததையும் என் கையாலேயே நிறுத்திவிட்டேனே என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். சோம்நாத் என் தோளைப் பிடித்து, "ஒண்ணும் ஆகல காக்கிமா, ஒண்ணுமே ஆகல. ரெண்டு நாளுக்கும் நடுவுல ஒரு கமா வேணும். அது இல்லேன்னா இது முழுசையும் படிக்காம உக்காந்துடும். புபாயே இருபது தடவை இதே தப்பைப் பண்ணியிருக்கான், நான் கடையில உக்காந்து சிரிப்பேன்" என்றான். கமாவைப் போட்டேன். கை வந்து மூடியைத் திறந்தது.

இந்த நோட்டின் முதல் தாளில் எழுதினேனே, அந்த ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. இருப்பதை அப்படியே கொண்டுபோய் வை, ஒரு எழுத்தும் மாற்றாதே என்று சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னேன். ஷட்டர் இறங்கியிருக்கிற படத்தை யாராவது தொட்டால் இந்தக் கடிதம் திறக்க வேண்டும். நீ முறுக்கை உடைக்க எழுதிய அதே வரிகள் போதும், புதிதாக எழுத வேண்டாம் என்று சோம்நாத் சொன்னான். கடை இல்லாத நேரத்தில் தூக்கோடு வந்து ஏமாறுகிறவருக்கு, ஏன் இல்லை என்றாவது தெரியட்டும்.

முதல் நாள் உன் காரியத்துக்கு. இரண்டாவது நாள் நீ கேட்டது. அன்றைக்கு அரிசி ஊறப்போட மாட்டேன். விடிந்ததும் குளித்து, நீ வாங்கிக் கொடுத்து நான் கட்டாமல் வைத்திருக்கிற நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, உன் அப்பாவோடு பஸ் நிறுத்தத்துக்குப் போவேன். சோம்நாத்திடம் கேட்டேன், அவனிடமும் நீ சொல்லவில்லையாம். மாஷிமாவிடம் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடுகிற தூரம் என்று மட்டும் எனக்குத் தெரியும். எந்தப் பஸ் வந்தால் நாங்கள் கையைக் காட்ட வேண்டும், புபாய்? என்னை எங்கே கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாய்?